நாலு மாடிக்குள் ஒரு பதில்

ஐந்து, நான்கு, மூன்று என்று தலைகீழாக எண்ணி முடிக்காமல் அந்த மனுஷன் லிஃப்ட் பட்டனை அமுக்கமாட்டார். என் தோளில் ஒரு கட்டு இரும்புக் குழாய் இருக்கும். ஏழாவது மாடியில் தண்ணீர் ஒழுகி யாருடைய மேசையையோ நனைத்துக்கொண்டிருக்கும். அதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. "பூஜ்யம். கிளம்பறோம்" என்று சொன்ன பிறகுதான் விரல் பட்டனுக்குப் போகும். அதைக்கூட நான் சகித்துக்கொள்வேன். ஆறு வருடமாக அவர்மேல் எனக்கு இருக்கும் வயிற்றெரிச்சல் வேறு. அது என் மகள் சம்பந்தப்பட்டது.

பத்து மாடிக் கட்டடம். கீழே வங்கி, நடுவில் பல் மருத்துவரும் வக்கீல்களும், எட்டாவது மாடியில் நூலகம். குழாய் வேலைக்கு நான். லிஃப்ட் பழசு, இழுத்துச் சாத்துகிற கம்பிக் கதவு. அதனால் அதை ஓட்ட ஓர் ஆள். எல்லோரும் அவரைக் கேப்டன் என்பார்கள். யாரோ கிண்டலுக்கு வைத்த பெயர். அவர் அதைப் பதவி உயர்வாக எடுத்துக்கொண்டு சட்டைப் பையில் மூன்று பேனா குத்திக்கொண்டார். பட்டன் அமுக்குகிறவருக்கு எதற்கு மூன்று பேனா?

அவருடைய முக்காலிக்குப் பின்னால் பத்திரிகையிலிருந்து வெட்டி ஒட்டிய ராக்கெட் படங்கள். ஏறுகிறவர்கள் சும்மா இருக்க முடியாமல் ஏதாவது கேட்பார்கள். இவர் எந்த மாடி என்று முதலில் விசாரித்துக்கொள்வார். இரண்டாவது மாடிக்காரருக்கு ஒரு வரி. நாலாவது மாடிக்குக் கொஞ்சம் விளக்கம். பத்தாவது மாடிக்குப் போகிறவன் செத்தான்.

"ஏங்க கேப்டன், மேல போனவங்க ஒண்ணுக்கு எப்படிப் போவாங்க?" என்று கன்னம் வீங்கிய ஓர் அம்மாள் ஒருநாள் கேட்டார்.

"ரொம்ப சிம்பிள்மா. ஒரு குழாய், ஒரு ஃபேன். காத்து இழுத்துக்கும். அதையே சுத்தம் பண்ணித் திரும்பக் குடிப்பாங்க."

அந்த அம்மாள் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைப் பைக்குள் வைத்துவிட்டார். பதில் சரிதான், குழாய்க்காரன் என்ற முறையில் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே வாய்தான் அரை மணி கழித்து இன்னொருவரிடம், "ஃபோன் சூடாகறதா? சாட்டிலைட்டத் தேடித் தேடி அதுக்குக் களைப்பு வந்துடுதுங்க" என்றது. இரண்டுக்கும் அதே குரல், அதே 'ரொம்ப சிம்பிள்'. எது படித்தது, எது அந்த நிமிஷம் முளைத்தது என்று கேட்கிறவனுக்குத் தெரியவே தெரியாது.

'தெரியாது' என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. ஒரு வக்கீல், விண்கலம் திரும்பி வரும்போது ஏன் அப்படித் தகதகவென்று எரிகிறது என்று கேட்டார். கேப்டன் ஐந்தாவது மாடியில் நிறுத்திக் கதவைத் திறந்தார்.

"நான் ஒன்பதுக்குப் போகணும்ப்பா."

"நடந்தா உடம்புக்கு நல்லது சார்."

என் மகளுக்கு அப்போது பத்து வயது. பள்ளியில் வினாடி வினா. விண்வெளியில் ஆட்கள் ஏன் மிதக்கிறார்கள் என்று என்னிடம் கேட்டாள். ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். கேப்டனிடம் கேட்டுப் போய்ச் சொன்னேன். இறுதிச் சுற்றில் அதே கேள்வி வந்தது. "மேல புவியீர்ப்பே கிடையாது" என்றாள். தப்பு என்றார்கள். "எங்கப்பா சொன்னாரு" என்று மேடையிலேயே சொன்னாள் பாவம். கூட்டம் மொத்தமும் சிரித்தது. வீட்டுக்கு வந்து எனக்குச் சரியான பதிலைச் சொல்லிக்கொடுத்தாள். அதற்குப் பிறகு என்னிடம் அவள் எதுவும் கேட்பதில்லை.

இதை நான் கேப்டனிடம் சொன்னதே இல்லை. போன வாரம்தான் சந்தர்ப்பம் வந்தது. நூலகத்தில் சனிக்கிழமை பிள்ளைகளுக்கு விண்வெளி பற்றி ஒரு மணி நேரம் கேள்வி பதிலாம். பதில் சொல்ல நூலக அம்மாள் இவரைக் கூப்பிட்டுவிட்டார். மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை.

"நாப்பது பிள்ளைங்க, தம்பி. என் மச்சினன் குடும்பத்தோட வர்றான். இருபத்தெட்டு வருஷமா என்னை 'பட்டன் அமுக்கறவரு'ன்னுதான் எல்லார்கிட்டயும் சொல்றான்."

ஓடுகிற லிஃப்டுக்குள்ளேயே என்னை நிற்கவைத்து ஒத்திகை பார்த்தார். முதல் கேள்வியே ஏன் மிதக்கிறார்கள். "ரொம்ப சிம்பிள். மேல புவியீர்ப்பே கிடையாது."

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். சனிக்கிழமை மச்சினன் முன்னால் அவரும் அந்தச் சிரிப்பைக் கேட்டிருப்பார். ஒரு மாடி தூரம் அந்த நினைப்பு இனித்தது. அப்புறம், இந்த நாற்பது பிள்ளைகளும் நாளைக்கு எங்கேயாவது மேடையேறுமே என்று தோன்றித் தொலைத்தது.

"தப்புண்ணே."

"எது?"

"ஈர்ப்பு அங்கயும் இருக்கு. அவங்க விழுந்துகிட்டே இருக்காங்க. பக்கவாட்டுல அவ்வளவு வேகமாப் போறதால தரையில மோதாம பூமியச் சுத்தியே விழறாங்க. கலமும் விழுது, ஆளும் விழறான். அதான் மிதக்கற மாதிரி தெரியுது."

"யாரு சொன்னா?"

"என் பொண்ணு." மேடைக் கதையையும் சொன்னேன். ஆறு வருடத்தையும் சேர்த்தே சொன்னேன். "இந்தப் பொட்டி கீழ கிளம்பறப்ப வயித்தத் தூக்குதே, அதே கதைதான். தினம் நூறு தடவை இறங்கறீங்க, அதுகூடத் தெரியலயா?"

அவர் எண்ணாமலேயே பட்டனை அமுக்கிப் பத்தாவது மாடிக்குப் போனார். வயிற்றில் கை வைத்துக்கொண்டு கீழே இறங்கினார். மறுபடி மேலே. மறுபடி கீழே. மாடி மாடியாக ஆட்கள் மணி அடித்துத் திட்டிக்கொண்டிருந்தார்கள். நாலாவது முறை இறங்கும்போது, "ஆமா" என்றார்.

என் மகளைப் பற்றி ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"சனிக்கிழமை நீங்க வந்து பின்வரிசையில நிக்கணும், தம்பி."

"எதுக்கு?"

"நான் தப்பா ஏதாவது சொன்னா, ஸ்பேனரக் கீழ போடுங்க. சத்தம் கேட்டதும் அடுத்த கேள்விக்குப் போயிடறேன்."

"தெரியாதுன்னு சொல்லிட்டுப் போங்களேன்."

"மச்சினன் முன்னாடியா?"

குனிந்து என் கருவிப் பையைத் துழாவினார். சின்ன ஸ்பேனர் ஒன்றை எடுத்து, கையில் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டார். இருப்பதிலேயே பெரியதை, குழாய் முறுக்குகிறதை, இரண்டு கையாலும் எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இதக் கொண்டு வாங்க. அங்க தரையில கார்ப்பெட் போட்டிருக்கு."