பிரசவ அறையில் இருந்த பெட்டிகள்

அந்த நர்ஸிங் ஹோமில் எல்லோரும் அவளைத் தியேட்டரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆபரேஷன் தியேட்டரே கதி என்று கிடக்கும் நர்ஸ். டாக்டரம்மா கையை நீட்டினால் போதும், கேட்காமலே கத்தி வந்துவிடும். பச்சைத் துணியில் அவள் ஏந்தி வாங்கிய பிள்ளைகள் ஒரு பள்ளிக்கூடத்தையே நிரப்பும். ஆனால் பிள்ளை தானாகப் பிறந்து அவள் பார்த்தது படிக்கிற காலத்தோடு சரி. ஊரே சிசேரியனுக்கு நாள் குறித்துக்கொண்டு வருகிறது; பிரசவ அறை சும்மா கிடப்பானேன் என்று அங்கே சலைன் பெட்டிகளை அடுக்கிவிட்டார்கள்.

அங்கேதான் அவள் தங்கை இடுப்பு வலியோடு வந்து நின்றாள். புருஷனுக்கு வெளியூர் வேலை. வீடு நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது.

"அக்கா, பிள்ளையோட நானே படியேறிப் போகணும். அவசியம்னா அறுங்க. அவசரத்துக்கு வேண்டாம்."

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு, பார்க்கலாம்" என்றார் டாக்டரம்மா. "ஆனா கூடவே ஒரு ஆள் உட்காரணும்."

"நான் இருக்கேன்." வாய் முந்திக்கொண்டது.

பெட்டிகளை வராந்தாவுக்குத் தள்ளி, கட்டிலைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள். அப்படி உட்காருவதுதான் பெரும்பாடாக இருந்தது. தியேட்டரில் என்றால் இதற்குள் தையல் போட்டு, டீயும் குடித்து முடித்திருப்பார்கள். இங்கே தங்கை நடக்கிறாள், முனகுகிறாள், இவளைத் திட்டுகிறாள். கை சும்மா இருக்குமா? தன்னையறியாமல் ஒரு தட்டில் கத்தி, கத்தரி, பஞ்சு எல்லாம் ஆபரேஷனுக்கு எடுத்து அடுக்கிவிட்டாள்.

தங்கை போட்ட ஒரு கூச்சலில் இவளுக்கு ஈரக்குலை நடுங்கிவிட்டது. "டாக்டர், போதும்! தியேட்டரைத் திறங்க!"

ஓடி வந்த டாக்டரம்மா குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்டார். பிறகு தட்டைப் பார்த்தார். "குழந்தை ஜம்முன்னு இருக்கு. இதெல்லாம் யாருக்கு?"

"எனக்கில்ல" என்றாள் தங்கை, பல்லைக் கடித்துக்கொண்டு. "நடுங்குறது அவதான். வேணும்னா அவளை அறுங்க."

தியேட்டரக்காவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. தட்டை மூடி வைத்துவிட்டுத் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பொழுது சாய்வதற்குள் வீல் என்று வந்துவிட்டாள் மகள். தேம்பித் தேம்பி அழுதது பெரியம்மாதான்.

"பெத்தது நானு. நீ ஏன்டி அழற?"

வீட்டுக்குப் போன அன்று தங்கை சொன்னபடியே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நாலு மாடியும் படியேறினாள். பையோடு பின்னால் போன அக்காவுக்குத்தான் மூச்சு வாங்கியது.

நர்ஸிங் ஹோமுக்குத் திரும்பி வந்து பெட்டிகளைப் பழைய இடத்துக்குத் தள்ளப் போனாள். டாக்டரம்மா வழி மறித்தார்.

"அதெல்லாம் என் ரூம்ல வைங்க. இன்னொரு பொண்ணு சுகப்பிரசவம்தான் வேணும்னு கேட்டு வந்திருக்கா. கூட யார் உட்காருவாங்கன்னு கேட்டா. உங்களைக் கை காட்டிட்டேன்."