யாருடைய ரத்தம் என்று கேட்காத அறை

ரக்பி ஆடுகிறவன் வீட்டில் வாஷிங் மெஷின் வாங்கி வைத்தால் அது ஒரே மழைக்காலத்தில் மண்டையைப் போட்டுவிடும் என்பது துணியக்காவின் அசைக்க முடியாத கருத்து. ரக்பி கழகத்தின் சலவை அறையில் இருந்த இரண்டு மெஷின்களும் ஆஸ்பத்திரிப் போர்வைகள் துவைப்பதற்காகவே செய்தவை. ஆட்டத்துக்கு மறுநாள் அவையே முக்கி முனகித்தான் சுற்றும். சேறு, புல், தைலம், கிழிந்த கட்டுத்துணி எல்லாம் வரும். ஒருமுறை ஒரு பல் வந்தது. அதைக் கழுவிக் காகிதத்தில் மடித்து உரியவனிடம் நீட்டி, "திரும்ப ஒட்டுமான்னு டாக்டர்கிட்ட கேளு" என்றார். அவனும் கேட்டானாம்.

அவருக்கு ஒரு பெயர் இருந்தது, சம்பளச் சீட்டில். மற்றபடி மேலாளர் முதல் வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் துணியக்காதான். முதுகு போய் வீட்டோடு உட்கார்ந்துவிட்ட லாரி டிரைவரின் மனைவி. ஐம்பதைத் தாண்டியும் ஈரத் துணி மூட்டையைத் தனியாளாகத் தூக்கி மெஷினுக்குள் திணித்துவிடுவார். முட்டித் தள்ளுவதையே பிழைப்பாகக் கொண்ட அந்த ஆட்கள் அதைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள்.

அந்த அறையின் வேலைமுறை எளிமையானது. ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் அவனுடைய எண் தைத்த ஒரு வலைப்பை. அழுக்குத் துணியை அதில் போட்டு, வாயைப் பெரிய ஊக்கால் பூட்டி, கூடையில் எறிந்துவிட்டுப் போக வேண்டியதுதான். பை பிரிக்கப்படாமலே மெஷினுக்குள் போகும், அப்படியே வெளியே வரும். ஒருவன் காலுறை இன்னொருவனிடம் போகாது, சண்டையும் வராது. விதிவிலக்கு ரத்தம் மட்டும். வெந்நீர் பட்டால் ரத்தம் துணியோடு வெந்து ஒட்டிக்கொள்ளும். அதனால் வலைக்கு வெளியே சிவப்பு தெரிந்தால் துணியக்கா ஊக்கைக் கழற்றுவார், அந்தத் துணியை மட்டும் எடுத்து உப்புப் போட்ட பச்சைத் தண்ணீரில் ஊறவைப்பார். யாருடைய ரத்தம் என்று கேட்க மாட்டார். ஒருவன் மூக்கு உடைந்து இன்னொருவன் சட்டையில் வடிவது அந்த ஆட்டத்தில் சகஜம். கேட்டால் பேச்சு வளரும். கேட்காமல் இருந்ததுதான் இத்தனை வருடமும் தனக்கு மரியாதை வாங்கித் தந்தது என்று அவர் நினைத்திருந்தார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும்.

நான்காம் எண் பை கேப்டனுடையது. ஆள் கதவு நிலையில் தலை இடிக்கிற உயரம். துணியக்காவுக்கு அவன்மேல் தனிப் பாசம், காரணமும் இருந்தது. லாரிக்காரருக்கு முதுகில் ஆபரேஷன் என்று முடிவானபோது மூன்றாவது மாடியிலிருந்து அவரை இறக்க வழியில்லை. லிஃப்ட் கிடையாது, ஸ்ட்ரெச்சர் படிவளைவில் திரும்பாது. கேள்விப்பட்ட கேப்டன் பயிற்சி உடையோடே வந்தான். கைக்குழந்தையை ஏந்துவதுபோல ஏந்தி, ஒரு முனகல் வராமல் கீழே கொண்டுபோய்ப் படுக்கவைத்தான். அன்றிலிருந்து அந்த வீட்டில் அவன் ஆடாத ஆட்டம் ஆட்டமே இல்லை.

பருவத்தின் கடைசி ஆட்டத்தில் ஜெயித்ததற்கு ஓர் உணவகத்தில் விருந்து நடந்தது. எல்லோரும் கழகச் சின்னம் வைத்த வெள்ளைச் சட்டையில் போனார்கள். மறுநாள் காலை கூடை நிரம்பியிருந்தது. வழக்கம்போல ஒவ்வொரு பையாக எடுத்துப் பார்த்த துணியக்கா, நான்காம் எண்ணில் சிவப்பைக் கண்டார். பிரித்தார். வெள்ளைச் சட்டை, வலது கை மணிக்கட்டுப் பட்டியிலும் மார்பிலும் ரத்தம். மைதானத்துக்கு வெள்ளைச் சட்டை போகாது என்பது மண்டைக்கு உறைப்பதற்குள் கை வேலையை ஆரம்பித்துவிட்டது. உப்பு, பச்சைத் தண்ணீர், கசக்கல், மறுபடி தண்ணீர். பிறகு மெஷின். பிறகு இஸ்திரி. பத்து மணிக்கெல்லாம் சட்டை கேப்டனின் கொக்கியில் பளிச்சென்று தொங்கியது.

மதியம்தான் செய்தி வந்தது. உணவகத்தில் சமையலறைக்குப் போகும் இருட்டு நடையில் பரிமாறுகிறவர் ஒருவரை யாரோ முகத்தில் குத்தியிருக்கிறார்கள். கடை மூடும் நேரம், இனிமேல் மது கிடையாது என்று சொன்னதுதான் அவர் செய்த குற்றம். புருவம் பிளந்து, கண்ணுக்குக் கீழே எலும்பு உடைந்திருந்தது. அந்தக் கண்ணில் பார்வை மிஞ்சுமா என்று டாக்டர்களுக்கே தெரியவில்லை. அவர் கண்டதெல்லாம் ஒரு வெள்ளைச் சட்டையும் பெரிய உடம்பும்தான். அன்று அங்கே வெள்ளைச் சட்டையும் பெரிய உடம்பும் இல்லாத ஆட்டக்காரன் யார்?

மேலாளர் எல்லோரையும் உடைமாற்றும் அறையில் கூட்டினார். அடித்தவனுக்கு ஒப்பந்தம் ரத்து, ரக்பி சங்கத்தின் தடை, வருடக்கணக்கில் மைதானத்தை மறந்துவிடலாம் என்றார். துண்டுக் கட்டோடு வாசலில் வந்து நின்ற துணியக்காவின் காதிலும் அது விழுந்தது. அப்போது மூலையிலிருந்து எழுந்தவன் புதுசு.

அணிக்கு வந்து ஒரு பருவம்தான் ஆகியிருந்ததால் அவனுக்கு அந்தப் பெயர். புதிதாகச் சேர்ந்தவன் முதல் விருந்தில் தன் பூட்ஸில் மது ஊற்றி ஒரே மூச்சில் குடிக்க வேண்டும் என்பது அங்கே ஒரு கேடுகெட்ட வழக்கம். இவனுக்கு இரண்டு பூட்ஸிலும் ஊற்றினார்களாம். அதற்கு அப்புறம் நடந்தது எதுவும் அவன் நினைவில் இல்லை. கை முட்டியில் மட்டும் தோல் உரிந்திருந்தது.

"நானாத்தான் இருக்கும் சார். எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. ஆனா நானாத்தான் இருக்கும்."

கேப்டன் எழுந்து போய் அவன் தோளில் கை போட்டான். "தப்ப ஒத்துக்கறவன்தாண்டா ஆம்பள" என்றான்.

புதுசின் சட்டையையும் அன்று காலை துவைத்தது துணியக்காதான். வாந்தியும் குழம்பும் மேலிருந்து கீழ்வரை அபிஷேகம் ஆகியிருந்தது. ஒரு பொட்டு ரத்தம் இல்லை. முட்டி உரிந்தது ஆட்டத்தில்தான், அதற்குக் கட்டிய துணியையும் அவரேதான் குப்பையில் போட்டிருந்தார். எல்லாம் தெரிந்தும் துண்டுகளை பெஞ்சின்மேல் வைத்துவிட்டு வந்த வழியே போனார். அன்றைக்கு அவர் செய்தது அவ்வளவுதான்.

விசாரணை முடியும்வரை புதுசு கழகத்துக்குள் வரக்கூடாது என்று உத்தரவு. உடுப்பை ஒப்படைக்க மட்டும் ஒருமுறை வந்தான். சலவை அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான்.

"உள்ள வாப்பா. இங்க என்ன புதுசா செருப்பக் கழட்டற?"

"இருக்கட்டும்க்கா." பையை நீட்டினான். "ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவரு கால்ல விழுந்தேன். அவரு பொண்ணு வெளிய போடான்னு கத்துச்சு. கத்தத்தானே செய்யும்."

"சாப்பிட்டியா?"

"எங்கப்பா குடிச்சிட்டு வந்து எங்கம்மாவ அடிப்பாருக்கா. காலையில ஒண்ணுமே ஞாபகம் இல்லம்பாரு. நடிக்கிறாருன்னு நெனச்சேன். அவர மாதிரி ஆயிடக் கூடாதுன்னுதான் வீட்ட விட்டே வந்தேன். இப்பப் பாருங்க, அவரேதான் நான்."

நீ அடிக்கலடா என்கிற இரண்டு சொல் துணியக்காவின் தொண்டை வரை வந்தது. கண்ணுக்கு முன்னால் படிக்கட்டும், கேப்டனின் கையில் கிடந்த தன் கணவரின் முகமும் வந்து நின்றன. பையை வாங்கி மேசையில் வைத்து, இல்லாத சுருக்கத்தை நீவிவிட்டார். "உடம்பப் பாத்துக்கோ" என்றார். இப்படி ஒரு வெட்கங்கெட்ட வார்த்தையைத் தன் வாழ்நாளில் தான் சொன்னதில்லை என்று அவருக்கே தோன்றியது.

அன்று மாலை லாரிக்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அவர் இடுப்புப் பட்டையைத் தளர்த்திக்கொண்டார்.

"நமக்கெதுக்கு இந்த வம்பு? அந்தத் தம்பி இல்லன்னா நான் இன்னிக்கு இந்தக் கட்டில்ல கூட இல்ல."

"அது எனக்குத் தெரியாதா?"

"அதோட, துவைச்சது யாரு கை? உன்னோடது. மொதல்ல உன்னத்தான் புடிப்பாங்க."

"புடிக்கட்டும்."

"புடிக்கட்டும்னா? வேல போச்சுன்னா நாம ரெண்டு பேரும் காத்தக் குடிச்சுக்கிட்டு கெடக்கறதா?" என்று சீறியவர் குரலைத் தாழ்த்தி, "அந்தப் பையன் அழுதானா?" என்று கேட்டார்.

"அழுதிருந்தாக்கூடத் தேவல. அவனே அவன நம்பிட்டான்."

சோறு ஆறும்வரை இருவரும் தட்டைத் தொடவில்லை.

மறுநாள் துணியக்கா நேராகக் கேப்டனிடமே போனார். உடற்பயிற்சி அறையில் அவன் தனியாக இருந்தான்.

"தம்பி, அந்த வெள்ளச் சட்டையப் பத்திப் பேசணும்."

"எந்தச் சட்டைக்கா? சுத்தமாத்தானே தொங்குது?"

"நான்தானே சுத்தம் பண்ணித் தொங்கவிட்டேன்."

அவன் எடைக்கட்டையைக் கீழே வைத்தான். முகத்தில் கோபம் இல்லை. கெஞ்சல்தான் இருந்தது, அது இன்னும் மோசம். "ரெண்டு புள்ளைங்கக்கா எனக்கு. இந்த ஆட்டத்த விட்டா வேற ஒண்ணும் தெரியாது. அவன் சின்னவன். தடை முடிஞ்சு வந்துகூட ஆடலாம்."

"அவன் தன்ன ஒரு மிருகம்னு நெனச்சிட்டு இருக்கான்."

"நான் உங்களத் துவைக்கச் சொல்லலயே அக்கா? நீங்களாத்தானே எடுத்துத் துவைச்சீங்க?"

பொய்யாக இருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பார். உண்மையாக இருந்ததால் அறைக்குத் திரும்பி மெஷினை ஓடவிட்டு, அந்தச் சத்தத்தில் உட்கார்ந்து அழுதார்.

விசாரணை சங்க அலுவலகத்தின் மாடியில் நடந்தது. நடுவில் ஓய்வுபெற்ற நீதிபதி அம்மா ஒருவர், இரண்டு பக்கமும் சங்கத்து ஆட்கள். சாட்சி சொல்ல யாரும் துணியக்காவைக் கூப்பிடவில்லை. துவைக்கிறவளிடம் கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பார்கள். வாசலில் இருந்த பியூன் தடுத்தான். "நான் பேசாம திரும்பிப் போனா இனிமே எப்பவும் பேச மாட்டேன், தம்பி. வழிய விடு" என்றார். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அவன் விட்டான்.

உள்ளே புதுசு குனிந்து உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அணியின் சார்பில் கேப்டன். அவனைப் பார்க்காமல், பைகளின் வழக்கம், ரத்தம், உப்புத் தண்ணீர், நான்காம் எண் எல்லாவற்றையும் துணியக்கா சொல்லி முடித்தார். கேப்டன் சிரிக்க முயன்றான்.

"அக்காவுக்கு வேலை அதிகம் மேடம். எந்தப் பை, எந்தச் சட்டைன்னு கொழம்பியிருப்பாங்க."

நீதிபதி அம்மா அவனைக் கண்டுகொள்ளவில்லை. "ரத்தத்தப் பாத்ததும் நீங்க யாருகிட்டயும் கேக்கலயா?" என்றார் துணியக்காவிடம்.

"எங்க அறையில யாரு ரத்தம்னு கேக்கறதில்லைங்க."

"மைதானத்துக்குப் போகாத துணியில இருந்தாக்கூடவா?"

"ஆமாங்க."

"அப்படின்னா இதுக்கு முன்னாலயும் இந்த மாதிரி வந்திருக்கா? இத்தன வருஷத்துல எத்தன? யார் யார் பையில?"

துணியக்கா வாயைத் திறப்பதற்குள் கேப்டன் துள்ளி எழுந்தான். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"இந்த ஒண்ணுதான் மேடம். நான்தான் அடிச்சேன். ஒத்துக்கறேன். அக்கா சொன்னது சரி. எழுதிக்கங்க, நான்தான்."

மளமளவென்று எல்லாம் முடிந்துவிட்டது. கேப்டனின் வாக்குமூலத்தை எழுதி வாங்கினார்கள். புதுசு குற்றமற்றவன் என்றார்கள். "தாமதமா வந்தாலும் வந்தீங்க. நீங்க போகலாம்" என்று நீதிபதி அம்மா சொன்னபோது அவர் குரலில் கனிவுகூட இருந்தது.

வெளியே படிக்கட்டுக்குப் பக்கத்தில் புதுசு அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"நான் அடிக்கலயாக்கா? நெசமாவே நான் இல்லயா?"

"நீ இல்லப்பா. அன்னிக்கே எனக்குத் தெரியும்."

அந்தக் கடைசி வாக்கியம் அவன் காதில் ஏறவேயில்லை. அந்தக் கைகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தேம்பினான். "தெய்வம்க்கா நீங்க" என்றான். கொதிக்கும் எண்ணெய் பட்டதுபோலத் துணியக்கா கையை இழுத்துக்கொண்டார். எத்தனை, யார் பையில் என்ற கேள்வி வந்ததும் கேப்டன் ஏன் அப்படி அவசர அவசரமாக ஒத்துக்கொண்டான் என்பது அந்தக் கட்டடத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவன் தலையைத் தொங்கப்போட்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறான். இன்னொருவர் இந்தப் படியில் நின்று கும்பிடு வாங்கிக்கொண்டிருக்கிறார்.

"நீ கீழ போய் நில்லுப்பா. எனக்கு நேரமாகும்."

பியூன் இந்தமுறை தடுக்கவில்லை. நீதிபதி அம்மா கோப்பைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"மேடம், நீங்க கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லல."

"எந்தக் கேள்வி?"

"இதுக்கு முன்னால எத்தனன்னு கேட்டீங்களே. எண்ணி வைக்கலங்க. ஆனா யார் யார் பைன்னு மறக்கல." உட்காரச் சொன்ன நாற்காலியில் துணியக்கா உட்காரவில்லை. "மொதல்ல வந்த சட்டையில ரத்தம் கொஞ்சந்தான். பொத்தான்ல பொம்பள முடி சுத்திக்கிட்டிருந்துச்சு. நீளமான முடி, வேரோட. அத நான்தான் கத்தரிச்சு எடுத்துட்டு, அந்தச் சட்டைய ஊறவச்சேன்."