வான் நிற்காத இடங்கள்

குருநகர் செல்வரட்ணம் தன் வாழ்நாளில் ஒருவரையும் கைநீட்டி அடித்ததில்லை, ஏசியதுகூட அருமை. ஆனாலும் யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் அவருடைய வெள்ளை வானைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பெண்பிள்ளைகள் ஏழெட்டுப் பேராவது இருப்பார்கள்.

முன்பு மீன் லொறி ஓடியவர். மகள் ஷெரோனைப் பன்னிரண்டு வயதில் ஓர் உதைபந்தாட்டப் பயிற்சிக் கழகம் தெரிந்தெடுத்தது. அதே கழகத்துக்கு வான் சாரதியும் தேவைப்பட, இவர் லொறியை விட்டுவிட்டு வந்தார். சனிக்கிழமைகளில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு காங்கேசன்துறைப் பக்கத்து மைதானத்துக்குப் போகவேண்டும். முதலில் ஏறுவது ஷெரோன். முன் இருக்கை அவளுக்கு. பிறகு உடுவில், அளவெட்டி. அவரும் ஒருகாலத்தில் தேவாலயப் பங்கு அணியில் பந்தோடு வலதுபக்கம் பறந்தவர்தான். அந்த நாளில் பிள்ளைகளைக் கழித்துவிடத் தனியாக ஆள் வேண்டியிருக்கவில்லை; உள்நாட்டுச் சண்டையே எல்லோரையும் சேர்த்துக் கழித்தது. மகளாவது கடைசிவரை போகவேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார்.

கடைசி என்பது கொழும்பு. இருபத்துநான்கு பிள்ளைகளை எடுத்து, பள்ளிக்கூடத் தவணைக்குத் தவணை குறைத்து, மிஞ்சும் ஆறு பேரைக் கழகம் அங்கே பெரிய அணிக்கு அனுப்பும். யாரைக் குறைத்தோம் என்று மட்டும் வாய்திறக்காது. தவணையின் முதல் சனிக்கிழமை புதுப் பட்டியல் செல்வரட்ணத்தின் போனுக்கு வரும். பெயர் இல்லாத பிள்ளைக்கு வான் நிற்காது. அவ்வளவுதான்.

"சொன்னால் தாய்தகப்பன் சண்டைக்கு வருவினம், அண்ணை," என்று பயிற்சியாளர் கோபிசங்கர் முதல் நாளே விளங்கப்படுத்தியிருந்தார். "வான் நிக்காட்டி பிள்ளைக்குத் தானாய் விளங்கும்."

செல்வரட்ணமும் தனக்கென்று ஒரு முறை வைத்துக்கொண்டார். அந்த இடம் வந்ததும் பாட்டுச் சத்தத்தைக் கூட்டுவார். வேகத்தைக் குறைக்கமாட்டார். பின்கண்ணாடியைப் பார்க்கவே மாட்டார். பாவி மனிதன், இதை இரக்கம் என்றே நம்பினார்.

போன தவணை கழிபட்டது தர்சிகா, ஷெரோனின் உயிர்ச் சிநேகிதி. அளவெட்டி மதகடியில் பையோடு நின்றவளை வான் தாண்டிப் போனது.

"அப்பா, தர்சிகாவை விட்டிட்டு வாறியள்."

"அவளுக்குக் காய்ச்சலாம், பிள்ளை."

அடுத்த சனியும் தர்சிகா அங்கே நின்றாள்.

"காய்ச்சல்காரி ஏனப்பா ஜேர்சியோடை நிக்கிறாள்?"

செல்வரட்ணம் பாட்டுச் சத்தத்தைக் கூட்டினார். தர்சிகா நான்கு சனிக்கிழமை நின்றாள். நாலாம் நாள் வானுக்குள் இருந்த ஒரு பிள்ளையும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஐந்தாம் நாள் மதகடியில் ஒருவரும் இல்லை. அதற்குப் பிறகு ஷெரோன் எதுவும் கேட்பதில்லை. தகப்பன் போனைப் பார்க்கும்போது அவள் தகப்பனுடைய முகத்தைப் பார்க்கப் பழகிவிட்டாள்.

மாசி மாதம் ஒரு போட்டியில் ஷெரோனுக்கு முழங்கால் பிசகியது. வீக்கம் வற்றியது, ஆனால் இடதுபக்கம் திரும்பும்போது ஒரு சின்னத் தயக்கம் தங்கிவிட்டது. மைதானத்து ஓரத்தில் இருந்த தகப்பனுக்கு அது தெரிந்தது. கோபிசங்கருக்கும் தெரிந்திருக்கும். ஏனென்றால், "மகள் எப்படி அண்ணை?" என்று வாராவாரம் கேட்கிறவர், இப்போது வணக்கத்தோடு நிறுத்திக்கொண்டார். செல்வரட்ணத்துக்கு இரவுச் சாப்பாடு இறங்காமல் போனது அந்த நாட்களில்தான்.

இரண்டாம் தவணையின் முதல் சனி. மத்தியானச் சாப்பாட்டு மேசையில் போன் சிணுங்கியது. பட்டியலின் முதல் வரி எப்போதும் குருநகர், ஷெரோன் என்று இருக்கும். அன்றைக்கு உடுவிலில் தொடங்கியது. மூன்று தரம் பார்த்தார். எழுந்து வெளியே போய்க் கோபிசங்கரை அழைத்தார்.

"சேர், என்ரை பிள்ளையின்ரை பேர் விடுபட்டுப் போச்சுது போலை."

"விடுபடேல்லை, அண்ணை. உங்கடை பிள்ளைதானே. நீங்களே பக்குவமாய்ச் சொல்லுங்கோ."

இத்தனை காலமும் ஒருவருக்கும் சொல்லத் தேவையில்லை என்றவர்களுக்கு இன்றைக்குப் பக்குவம் வேண்டுமாம். செல்வரட்ணம் உள்ளே வந்தார். ஷெரோன் சப்பாத்துக் கட்டி, தண்ணீர்ப் போத்தலும் நிரப்பி வைத்திருந்தாள்.

"பிள்ளை, நான் டீசல் அடிச்சுக்கொண்டு வாறன். நீ சந்தியிலை நில்."

"காலமைதானே அடிச்சனீங்கள்."

அவர் வான் திறப்பைத் தேடுவதுபோலச் சட்டைப்பையைத் தடவினார். திறப்பு கையில்தான் இருந்தது.

"அப்பா," என்றாள் ஷெரோன். "எனக்குக் காய்ச்சலோ?"

செல்வரட்ணம் வானில் ஏறிக் கதவைச் சாத்தினார். ஷெரோன் பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒழுங்கையால் இறங்கிச் சந்திக்கு நடந்தாள்.

வான் போக வேறு பாதை இல்லை. சந்தியடியில் அவள் நின்றாள். கையைக் காட்டவில்லை, தகப்பனைப் பார்த்தபடி நின்றாள், அவ்வளவுதான். நிற்பாட்டவேண்டும் என்றுதான் செல்வரட்ணம் நினைத்தார், சத்தியமாக நினைத்தார். ஆனால் கை பழக்கத்தில் பாட்டுச் சத்தத்தைக் கூட்டியது, காலும் வேகத்தைக் குறைக்கவில்லை.

கொஞ்சத் தூரம் போனபின், அந்த வேலைக்கு வந்தபிறகு முதல் தடவையாகப் பின்கண்ணாடியைப் பார்த்தார். ஷெரோன் வீட்டுக்குத் திரும்பவில்லை. பை தோளில் இருக்க, அதே இடத்தில் நின்றாள். தர்சிகா நின்றது நான்கு சனிக்கிழமை. இன்னும் மூன்று இருந்தது.