தொட்டுப் பார்த்தாரா?

உங்கள் முகத்தையே பார்க்காத ஒருவர் எழுதித் தந்த மாத்திரையை நீங்கள் விழுங்குவீர்களா? ஆஸிபா ஒரு நாளைக்குப் பத்து முறையாவது இதைக் கேட்கிறார். காதுக்கும் தோளுக்கும் நடுவே தொலைபேசி. கைகள் மாத்திரையைப் பிரித்துக்கொண்டிருக்கும். கண்கள் எதிரில் நிற்பவரைத் துளைக்கும். "டாக்டர் தொட்டுப் பாத்தாரா?"

ராயப்பேட்டைப் பெண். இப்போது அமெரிக்காவில், கேட்டி என்னும் புறநகரில் ஒரு சின்ன மருந்துக்கடையின் பார்மசிஸ்ட். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக் கடை முழுக்கத் தேடுவார். ஆனால் வலி மாத்திரைச் சீட்டு வந்தால் அதை எழுதிய டாக்டரின் எண்ணைத் தேடவே மாட்டார், விரல்களுக்கே தெரியும். உடனே அழைப்பார். வரிசை நீளும், முணுமுணுக்கும். "கோவப்படுங்க, பரவால்ல. மூச்சு இருக்கறவங்கதான கோவப்படுவாங்க" என்பார்.

2009 ஜூலையில் ஞானசீலன் வந்தார், மனைவி ஜெயலீலாவின் தோளைப் பற்றியபடி. எண்ணெய் நிறுவனத்தில் ஓய்வு பெற்ற பொறியாளர், முதுகெலும்பில் புற்றுநோய். தபாலில் வந்த ஓபியாய்டு என்னும் அபின் வகை வலி மாத்திரைகளைக் கவுண்டரில் வைத்தார்.

"ரெண்டா போடலாமாம்மா?"

"டாக்டர் தொட்டுப் பாத்தாரா அங்கிள்?"

"வெப்சைட்ல பன்னெண்டு கேள்வி. எல்லாத்துக்கும் கரெக்டா ஆன்சர் பண்ணிட்டேன்."

"பரீட்சைன்னா மார்க் குடுக்கலாம். மருந்து குடுக்கலாமா? எங்ககிட்ட தூக்க மாத்திரை வாங்கறீங்களே, அதக் கேட்டாங்களா?"

"கேக்கலியே."

"ரெண்டும் சேந்தா தூக்கத்துலயே மூச்சு நின்னுரும் அங்கிள்!"

ஜெயலீலாவின் முகம் வெளுத்தது. ஞானசீலனோ வெடித்தார். "அப்ப வலியிலயே சாகட்டுமா? டவுன்டவுன்ல இருக்கற என் கேன்சர் டாக்டர்கிட்ட போகணும்னா ஒரு மணி நேரம் கார்ல உக்காரணும். முடியல. சர்ச்ல சொன்னா, போதை மாத்திரையான்னு கேக்கறாங்க."

ஆஸிபாவின் கோபம் திசை மாறியது. வலியைக் காசாக்கும் இணையக் கடைக்காரன் ஒரு பக்கம். வலிக்கிறது என்பவரைப் போதைக்காரர் என்னும் புனிதர்கள் மறுபக்கம். நடுவில் ஒரு மனிதர் நிற்க முடியாமல் நிற்கிறார். சகித்துக்கொள்வது பெருமை என்று எவன் சொன்னான்?

"சட்டமும் இருக்கு, வழியும் இருக்கு!" தொலைபேசியை எடுத்தார். ஏப்ரலில் அமலான சட்டப்படி, இணையம் வழியே இந்த மருந்தை எழுதும் டாக்டர் ஒரு முறையாவது நோயாளியை நேரில் பரிசோதித்திருக்க வேண்டும். அந்த டவுன்டவுன் டாக்டரிடம் நாற்பது நிமிடம் வாதாடினார் ஆஸிபா. அந்த வாரமே நேரில் ஒரு சந்திப்பு. பிறகு மாதாமாதம் கேட்டி கிளினிக்கின் வீடியோ அறையில். டாக்டர் ஒப்புக்கொண்டார்.

"இத என்ன பண்றதும்மா?" ஜெயலீலா தபால் மாத்திரைகளைக் காட்டினார்.

"காப்பித்தூள்ல பெசஞ்சு, பையில கட்டி, குப்பையில போட்ருங்க ஆன்ட்டி."

"ஐயோ, கும்பகோணத்துல இருந்து வந்த தூளு!"

"டிகாக்‌ஷன் எறக்கின சக்க போதும்!"

வலியிலும் ஞானசீலன் சிரித்துவிட்டார்.

முன்சீட்டைச் சாய்த்து, பெல்ட் போட்டு, மூன்று இடங்களில் நிறுத்தி நிறுத்தி ஜெயலீலா அவரை அழைத்துப் போனார். டாக்டர் முதுகெலும்பைக் கணுக்கணுவாக அழுத்திப் பார்த்தார். தூக்க மாத்திரையைப் படிப்படியாக நிறுத்தவைத்தார். பிறகு சின்ன அளவில் வலி மாத்திரையைத் தொடங்கினார். செப்டம்பரில் வீடியோ அறையில், திரையிலிருந்து டாக்டர் நடக்கச் சொன்னதும், ஞானசீலன் யார் தோளையும் பற்றாமல் எட்டு அடி நடந்தார்!

அன்று மாலை மருந்து வாங்க வந்த ஞானசீலன் தயங்கினார். "பக்கத்து வீட்டு வசந்தாமணிக்கு இடுப்பு வலியாம். ரெண்டு மாத்திர கேட்டா."

"குடுத்தீங்களா?"

"சேச்சே! கையோட கூட்டிட்டு வந்துட்டேன். உள்ள வர வெக்கமாம், கார்லயே உக்காந்திருக்கா."

வரிசையில் ஆறு பேர் நின்றார்கள். ஆஸிபா கவுண்டரைப் பூட்டினார். வெள்ளைக் கோட்டோடு வெயிலில் இறங்கி, பார்க்கிங்கைக் குறுக்கே கடந்து, அந்தக் காரின் கதவைத் திறந்து கையை நீட்டினார்.

உங்கள் தெருவிலும் ஒருவர் இப்படி வலியோடு ஒளிந்து உட்கார்ந்திருக்கிறார். இன்றே போய்க் கதவைத் திறங்கள்.