நயினாதீவுக்குப் போன எங்கள் அல்பம்

சில வருடங்களுக்கு முன், சோளகக் காற்று பலமாக வீசிய ஒரு மத்தியானம், குறிகட்டுவான் இறங்குதுறையில் நடந்தது இது. எங்கள் ரொக் குழுவின் முதல் அல்பத்துக்காக நெடுந்தீவில் ஒரு பழைய கல்வீட்டில் தங்கிப் பாடல்களைப் பதிவுசெய்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். நான் டிரம்ஸ் வாசிப்பவன். அதாவது சாமான் அதிகம், மரியாதை குறைவு.

பதிவு முழுவதும் ஒரேயொரு ஹார்ட் டிஸ்க்கில் இருந்தது. வீட்டுக்குப் போய்ப் பிரதி எடுக்கலாம் என்று விட்டிருந்தோம். எங்கள் பாடகியோ மறுநாள் கனடாவுக்குப் பறக்கிறாள். திரும்பி வரும் யோசனை இல்லை. அந்தக் குரல் போனால் அல்பமும் இல்லை.

துறையில் இடமில்லாததால் எங்கள் படகை நயினாதீவுப் படகின் பக்கத்தில் கட்டினார்கள். அப்படியான நேரங்களில் நடுவில் நிற்கும் படகின் வழியாகச் சாமான்களைக் கைமாற்றிக் கரைக்குக் கொடுப்பது இங்கே வழக்கம். யாருடையது என்று யாரும் கேட்பதில்லை. நானும் துணிப் பையை முன்னால் நீண்ட ஒரு கையில் கொடுத்துவிட்டு டிரம்ஸைத் தூக்கினேன். கரையில் பார்த்தால் டிரம்ஸ் எல்லாம் இருந்தது, ஹார்ட் டிஸ்க் இருந்த பை இல்லை. நயினாதீவுப் படகு புறப்பட்டுவிட்டது.

பாடகி என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

அங்கே நின்ற மீனவர் ஒருவரிடம் ஓடினேன். "அண்ணை, அந்தப் படகைப் பிடிக்க ஏலுமே?"

"காத்து சரியில்லை. வாறதெண்டா இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு இரும்," என்றார்.

அவருடைய சின்னப் படகு ஒவ்வொரு அலைக்கும் எழும்பி விழுந்தது. முகமெல்லாம் உப்புத் தண்ணீர். இதே தண்ணீர் அந்தப் படகிலும் அடிக்குமே, பை நனையுமே என்றுதான் யோசித்தபடி இருந்தேன்.

நாங்கள் போய்ச் சேர, நயினாதீவில் ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். கோயிலுக்கு வந்த ஒரு அம்மா முழுக்க நனைந்தபடி கடைசியாக எழும்பினார். கையில் எங்கள் பை, பொலித்தீனால் இறுக்கிச் சுற்றியபடி. கோயிலில் மாற்றிக் கட்டக் கொண்டுவந்த சேலையைப் பொலித்தீனிலிருந்து எடுத்துவிட்டு, அந்தப் பொலித்தீனை எங்கள் பைக்குச் சுற்றியிருக்கிறார். சேலை தோளில் சொட்டச் சொட்டக் கிடந்தது.

"தம்பி, இது உங்கடையே? ஆரின்ரையோ பை, என்ரை கையிலை தந்துபோட்டினம். நனைய விட ஏலுமே?" என்றார். உள்ளே என்ன என்று கேட்கவேயில்லை.

பாடகிக்குப் போன் எடுத்துச் சொன்னேன். அப்போதுதான் அவள் அழுதாள்.

இன்று புதிதாகக் குழு தொடங்கும் பெடியன்கள் அந்தப் பாட்டுகளை வாசித்துத்தான் பழகுகிறார்கள். எப்படிச் செய்தீர்கள் என்று கேட்பார்கள். நானும் கிற்றார், டிரம்ஸ் என்று பெருமையாகத் தொடங்குவேன், பிறகு அந்த அம்மாவின் கதைக்கு வந்துவிடுவேன். எங்கள் பாட்டு ஒன்றைக்கூடக் கேட்டிராத ஒருவர் ஈரச் சேலையோடு அம்மனைக் கும்பிடப் போனதால்தான், எங்கள் பெயர் போட்ட அந்த அல்பம் இன்றைக்கும் இருக்கிறது.