மொட்டை மாடியில் நின்று கேட்ட ஐவர் படை

ஆன்டெனா கட்டுகிறவன் ஊருக்கே படம் காட்டுவான்; அவன் மட்டும் பார்க்க மாட்டான்.

எண்பதுகளின் தொடக்கம். மீசை சரியாக முளைக்காத வயதில், கல்கத்தா லேக் மார்க்கெட் பக்கம் இந்தத் தொழிலுக்கு வந்தேன். டாக்கா டெலிவிஷனில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு வெளிநாட்டுத் தொடர். நாங்கள் வைத்த பெயர் ‘ஐவர் படை’. ஒருவன் பறப்பான், ஒருத்தி சுவருக்குள் புகுந்து வருவாள், ஒருவன் லாரியைத் தூக்குவான், ஒருவன் கண்ணாலேயே பூட்டைத் திறப்பான். முகமூடித் தலைவன் கையை உயர்த்தினால் போதும், தெருவே துள்ளும்!

எல்லை தாண்டி வருகிற படமாயிற்றே, சாதாரண ஆன்டெனாவுக்கு எட்டாது. நீளக் குழாய், பூஸ்டர், எல்லாவற்றையும் கிழக்கே திருப்ப வேண்டும். வெள்ளிக்கிழமை வந்தால் ஆளாளுக்கு என்னைப் பிடித்து இழுப்பார்கள். கீழே ஐவரும் சண்டை போடும்போது மேலே நான் குழாயைக் கட்டிக்கொண்டு நிற்பேன். ஒரே ஒரு தடவையாவது அந்தப் படத்தை முழுசாகப் பார்த்துவிட வேண்டும் என்று வெறி. “இப்போ தெரியுதா?” என்று மாடியில் நின்று தொண்டை கிழியக் கத்தியவர்களே, வாருங்கள், நீங்கள் என் கட்சி.

மூன்று தொண்டைகள்

துறைமுக ஆபீஸில் வேலை பார்த்த கணபதி சார் வீடு மூன்றாம் மாடி. அவர் பெண் சுமதி டிவி முன்னால், பையன் ரகு படிக்கட்டில், பக்கத்து வீட்டு வங்காளிப் பையன் மொட்டை மாடிக் கதவருகில். படம் வந்தால் சுமதி “வந்துருச்சு!” என்பாள், ரகு அதையே மேலே அனுப்புவான், வங்காளிப் பையன் “எஷே கேச்சே!” என்று என் காதில் அலறுவான். அதற்குள் நான் குழாயை இன்னும் கொஞ்சம் திருப்பியிருப்பேன். உடனே கீழிருந்து “போயிருச்சு!”, மேலே “சொலே கேலோ!”

எனக்குத்தான் மூக்குக்கு மேல் கோபமாயிற்றே. தடதடவென்று கீழே இறங்கி, “திருப்பறதை நிறுத்தச் சொன்னா நிறுத்த எனக்குத் தெரியாதா? சீக்கிரம் சொல்லித் தொலைங்க!” என்று கத்தினேன். கணபதி சார் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “குழந்தைகள் பாக்கற கூத்துக்கு ஏன்டா இவ்வளவு ஆர்ப்பாட்டம்? நான் நியூஸ் மட்டும்தான் பாப்பேன். அதுக்கும் சேர்த்துக் கூலியைக் குறைச்சுக்கோ.”

பத்துப் பேர்

எதிர்ச்சாரியில் புதிதாக ஒரு உயரமான கட்டடம் எழும்பியது. அதில் மோதித் திரும்பிய அலையால் எல்லார் வீட்டிலும் படம் இரட்டை இரட்டையாகத் தெரிந்தது. பக்கத்து வீட்டு வங்காளி அம்மாள், எங்கள் எல்லாருக்கும் ‘மாஷிமா’, இடுப்பில் கை வைத்து நின்றார். “ஐந்து பேருக்கு ஆன்டெனா கட்டச் சொன்னால் பத்துப் பேரைக் கொண்டுவந்து விட்டிருக்கிறாய்! பைசா கிடையாது!”

நான் விடுவேனா? “இரண்டு மடங்கு ஆள் காட்டியிருக்கேன், இரண்டு மடங்கு கூலி கொடுங்க!” என்று நின்றேன். வாசலில் கூட்டம் கூடிவிட்டது. உள்ளே திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் ரகு தீர்ப்புச் சொன்னான்: “வில்லனும் ரெண்டு பேராத்தான் தெரியறான் மாஷிமா, சண்டை சமமாத்தான் நடக்குது!”

சட்டை என்ன கலர்?

எங்கள் பக்கம் எல்லாமே கறுப்பு வெள்ளை டிவி. தலைவன் போட்டிருப்பது சிவப்பா நீலமா என்று ரகுவுக்கும் சுமதிக்கும் அடிதடி. பார்க்காத நான் சிவப்பு என்று சத்தியமே செய்தேன். பேரத்திலும் அப்படித்தான், சத்தமாகச் சொன்னால் பாதி உண்மையாகிவிடும்.

சால்ட் லேக்கில் மாமா வீட்டுக்குக் கலர் டிவி வந்ததும் ரகு அந்த வெள்ளிக்கிழமை அங்கே பறந்தான். மறுநாள் காலையில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு என்னைத் தேடி வந்தான். “பூசணிக்காய்க் கலர் அண்ணா. இனிமே நம்ம வீட்டிலேயே பாத்துக்கலாம், இங்கேதான் அவன் சிவப்பு!”

நாற்காலி

கடைசி வாரம் வந்தது. தலைவனைச் சங்கிலியில் கட்டிப்போட்டிருந்தார்கள். தப்பிப்பானா என்று தெருவே தவித்தது. கணபதி சார் வழக்கம்போலக் கூலியைக் குறைக்க ஆரம்பித்தார். நான் ஒரே போடாகப் போட்டேன்: “கூலியே வேண்டாம் சார். டிவிக்கு நேரா ஒரு நாற்காலி. படம் முடியற வரைக்கும் எழுந்திருக்க மாட்டேன்.” சாருக்கு வாயெல்லாம் பல். சரி என்று கை கொடுத்தார்.

அப்பாடா, உட்கார்ந்தேன்! முதல்முறையாகத் தலைவனின் முகவாயைப் பார்த்தேன். பறப்பவன் பறந்தான், லாரி தூக்குபவன் ரயில் பெட்டியைத் தூக்கினான், நான் நாற்காலியிலேயே குதித்தேன். அப்போதுதான் சித்திரை மாதத்துப் புயல்காற்று ஜன்னல்களை அறைந்தது. படம் போய் வெறும் புள்ளிகள். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் நாற்காலிக் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். “பேச்சுன்னா பேச்சு சார்.”

“அப்பா, போங்களேன்!” என்று சுமதி அழவே ஆரம்பித்துவிட்டாள். சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாடி ஏறினார். படம் வந்தது! ஆனால் அவர் கையை எடுத்தால் போய்விடும். கொட்டும் மழையில் குழாயைக் கட்டிக்கொண்டு நின்றார். இங்கே தலைவன் சங்கிலியை அறுத்துக்கொண்டு வில்லன் மேல் பாய்ந்தான். அந்த நேரம் பார்த்து, நியூஸ் மட்டுமே பார்க்கிற மனிதரின் குரல் மேலிருந்து வந்தது: “டேய், தலைவன் தப்பிச்சானா இல்லையா, அதையாவது சொல்லித் தொலைங்களேன்டா!”

குழந்தைகள் ஒருவரும் அசையாததால் நானே படிக்கட்டுக்கு ஓடி “தப்பிச்சுட்டான் சார்!” என்று கத்திவிட்டுத் திரும்பி வந்தபோது படம் முடிந்து பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன என்பதுதான், கட்சிக்காரர்களே, நான் பார்த்த ஐவர் படை.