நான்காம் இடத்துக்கு மதிப்பெண் இல்லை

"உங்க ஊட்ல ஒரு பொட்டிக்கடகூட கெடையாதே, நீ இன்னா கம்பெனி நடத்தப் போற?" வகுப்பை அணிகளாகப் பிரித்த அன்று, என் அணியில் இருந்தவன் கேட்டான். அவன் அப்பாவுக்குக் கும்மிடிப்பூண்டியில் பட்டறை. என் அப்பா பழவேற்காடு ஏரியில் இறால் பிடிக்கிறவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். என்னையே தலைவியாகப் போடச் சொன்னேன்.

எம்.பி.ஏ.வில் அந்தப் பாடத்துக்கு எழுத்துத் தேர்வு கிடையாது. கணினியில் ஒரு போட்டி. நான்கு அணிகள், நான்கு மின்விசிறி கம்பெனிகள். சுற்றுக்குச் சுற்று விலை, உற்பத்தி, விளம்பரம் எல்லாம் நாங்களே முடிவு செய்ய வேண்டும். கடைசியில் எந்த இடமோ அதுதான் மதிப்பெண். நான்காம் இடத்துக்குத் தேர்ச்சி இல்லை. தேறாதவர்கள் கல்லூரியில் நடக்கும் வேலை நேர்காணலில் உட்கார முடியாது.

முதல் மூன்று சுற்றுகளில் எல்லாரும் விலையைக் குறைத்து எல்லாரும் நட்டப்பட்டோம். எங்கள் ஏரியில் இறால் விழும் இடங்களுக்கு முறை உண்டு, பாடு என்போம். ஒருவர் பாட்டில் இன்னொருவர் வலை இறங்காது. கேன்டீனில் மற்ற அணித் தலைவர்களிடம் அதைத்தான் சொன்னேன். வடக்குச் சந்தையைச் சுற்றுக்கு ஓர் அணி எடுத்துக்கொள்வோம், மற்றவர்கள் அங்கே விலையைக் குறைக்க வேண்டாம். தலையாட்டினார்கள். எங்கள் முறை வந்தபோது ஓர் அணி அங்கே பாதி விலைக்கு விற்றது. நாங்கள் நான்காம் இடத்துக்குப் போனோம், கடைசிவரை ஏறவில்லை.

பேராசிரியரிடம் முறையிட்டேன். போட்டிக் கம்பெனிகள் அப்படிப் பேசி வைத்துக்கொள்வதே சட்டப்படி குற்றம் என்றார். "இது மார்க்கெட்மா, உங்க ஏரி இல்ல."

எனக்கு அது தெரியாது, தப்பை ஒப்புக்கொண்டேன். ஆனால் அந்தத் தப்பில் நான் கற்றதற்கு மதிப்பெண் எங்கே? எப்படி ஜெயித்தீர்கள் என்று வகுப்பில் கேட்டபோது, முதலிடம் வந்த அணியின் தலைவன், "வெலய கொறச்சிக்கினே போனோம் சார், அவ்ளோதான்" என்றான். அவனுக்கு முழு மதிப்பெண்.

"தனித்தனியா கூப்ட்டு கேளுங்க சார். யாரு கத்துக்கினாங்கன்னு தெரிஞ்சிபூடும்" என்றேன். விதியை மாற்ற முடியாது என்றார்.

பட்டறைக்காரர் மகனுக்கும் அதே நான்காம் இடம்தான். "வுடு, அரியர்ல பாஸ் பண்ணிக்கலாம். ஏன் பேஜார் பண்ற?" என்றான். நேர்காணல் கைநழுவினாலும் அவனுக்குப் பட்டறை இருக்கிறது. எனக்கு நேர்காணல் மட்டும்தான்.

ஒவ்வொரு சுற்றிலும் என்ன முடிவெடுத்தேன், ஏன், எங்கே தவறினேன் என்று பதினோரு பக்கம் எழுதினேன். கேன்டீனில் பேசியதையும் மறைக்கவில்லை. என்னை நேரில் கேள்வி கேட்டு மதிப்பிட வேண்டும் என்று ஒரு கடிதமும் சேர்த்து இன்று காலை துறைத்தலைவரிடம் கொடுத்துவிட்டேன். பெற்றுக்கொண்டதற்கு நகலில் அவர் கையெழுத்துப் போடும்வரை அந்த அறையை விட்டு நான் நகரவில்லை.